சென்னையின் எஃப்சியின் தாக்குதல் வரிசை: சரிவும் மறுகட்டமைப்பும்

சென்னையின் எஃப்சி 2014-ல் தொடங்கப்பட்ட தொழில்முறைக் கால்பந்து அணி. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரில் ஆடிவருகிறது. அதன் சொந்த மைதானம் சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம். 2015-லும் 2018-லும் கோப்பையை வென்ற இந்த அணி, 2018-19 தொடரில் பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. அடுத்த தொடரிலேயே மீண்டும் இறுதிப்போட்டியில் ஆடியது. இந்தச் சரிவுக்கும் எழுச்சிக்கும் நடுவில் நடந்தது பெரும்பாலும் தாக்குதல் வரிசையின் கதை. ஒரு தொழில்முறை அணி தன் முன்களத்தை எப்படிக் கட்டவேண்டும், எப்படிக் கட்டக்கூடாது என்ற இரண்டுக்கும் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

தாக்குதல் வரிசை என்றவுடன் கோல் அடிப்பவரின் பெயரைத்தான் நாம் கேட்கிறோம். அமெரிக்கக் கால்பந்து வேறு விளையாட்டு என்றாலும், அதில் இச்சொல்லுக்கு உள்ள பொருள் கவனிக்கத்தக்கது. அங்கே தாக்குதல் வரிசை என்பது எதிரணியினரை மறித்து நிற்கும் ஐந்து கனத்த ஆட்கள். அவர்கள் புள்ளி எடுப்பது மிக அரிது. பந்தை வைத்திருப்பவருக்கு நேரமும் வழியும் உண்டாக்கித் தருவதே அவர்கள் வேலை. நம் கால்பந்திலும் அப்படி வழி உண்டாக்குபவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை. ஆகவே அணி தோற்கத் தொடங்கும்போது அவர்களை யாரும் நினைப்பதும் இல்லை.

தொடக்க ஆண்டுகள்

முதல் தொடரில் பிரேசிலின் எலானோ 8 கோல்களுடன் தங்கக் காலணி பெற்றார். 2015-ல் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல்கள் அடித்து அதே விருதைப் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் அரையிறுதியின் முதல் ஆட்டத்தை அணி புனேயில் ஆடவேண்டியிருந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் 90-வது நிமிடம் நெருங்கும்போது 1-2 எனப் பின்தங்கியிருந்தது. எதிரணிக் கோல்காப்பாளரின் சொந்தக் கோல் ஒன்று, பின்னர் கூடுதல் நேரத்தில் மெண்டோசாவின் கோல் ஒன்று. 3-2 எனக் கோப்பை சென்னைக்கு வந்தது.

2016-ல் எலானோவும் மெண்டோசாவும் இல்லை. எட்டு அணிகளில் சென்னைக்கு ஏழாம் இடம். ஒரு ஆளின் காலில் அணியை நிறுத்திவைத்தால் அந்த ஆள் போனதும் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் சான்று. அடுத்துவந்த இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஜான் கிரெகரி இதை உணர்ந்தே வேறுமாதிரி அணியைக் கட்டினார் என்று தோன்றுகிறது.

2017-18: பங்கிடப்பட்ட கோல்கள்

கிரெகரியின் அணி லீக் சுற்றில் 18 ஆட்டங்களில் 24 கோல்களே அடித்தது. பெரிய எண்ணிக்கை அல்ல. மிசோரமைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா அத்தொடரில் மொத்தம் 9 கோல்கள் அடித்தார். ஆனால் முக்கியமான நாள்களில் கோல் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பார்க்கவேண்டும். கோவா அணிக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை 3-0 என வென்றபோது ஜேஜே இரண்டு அடித்தார். இன்னொன்றை அடித்தவர் தற்காப்பு நடுக்கள வீரரான தமிழர் தன்பால் கணேஷ். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இறுதிப்போட்டியில் பின்கள வீரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல்கள் போட்டார். மூன்றாவது கோல் நடுக்களத்தின் ரஃபேல் அகஸ்டோவுடையது. 3-2 என வென்ற அந்த ஆட்டத்தில் முன்கள வீரர் எவரும் சென்னைக்காகக் கோல் அடிக்கவில்லை.

ஜேஜேக்குப் பின்னால் கணேஷ் எதிரணியின் ஆட்டத்தை அறுத்துப் பந்தை மீட்டார். அகஸ்டோ அதைச் சுமந்து முன்னேறினார். கார்னர் என்றால் மைல்சன் மேலேறி வருவார். இவர்கள் வேலையெல்லாம் ஒழுங்காக நடந்ததன் விளைவுதான் ஜேஜேயின் 9 கோல்கள்.

2018-19: சரிவு

கோப்பை வென்ற அணியைக் கலைக்க யாருக்கும் மனம் வராது. கிரெகரியும் கலைக்கவில்லை. ஆனால் தன்பால் கணேஷ் காயத்தால் ஆடமுடியாமல் போனார். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு இது சிறிய இழப்பாகவே தெரிந்தது. முன்களத்தில் அதே ஜேஜே, நடுவில் அதே அகஸ்டோ, ஓரத்தில் அதே கிரெகரி நெல்சன். முடிவு 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளிகள். அடித்தது 16 கோல்கள், வாங்கியது 32. முந்தைய ஆண்டு 9 கோல் அடித்த ஜேஜே லீக்கில் ஒன்றே ஒன்று அடித்தார்.

தொடரின் நடுவில் அணி செய்தது வழக்கமான மருத்துவம். 2019 ஜனவரியில் கேரளா பிளாஸ்டர்ஸிடமிருந்து சி.கே. வினீத், ஹாலிசரண் நர்சாரி ஆகிய இரு தாக்குதல் வீரர்களைக் கடனாகப் பெற்றது. இருவரும் நல்ல வீரர்கள்தான். ஆனால் நடுக்களத்தில் பந்து பறிபோய்க்கொண்டிருந்த அணிக்கு முன்னால் இன்னும் இரண்டு பேரை நிறுத்துவதால் பயன் சிறிது. கிணற்றில் நீர் இல்லாதபோது வாளியை மாற்றிய கதை.

ஐஎஸ்எல்லில் அப்போது கடைசி அணியைக் கீழ்நிலைத் தொடருக்கு இறக்கும் முறை இல்லை. ஐரோப்பாவில் இப்படி ஒரு ஆண்டு ஆடியிருந்தால் அணி கீழே போயிருக்கும். வருமானமும் வீரர்களும் போயிருப்பார்கள். இங்கே பயிற்சியாளரே தொடர்ந்தார்.

அதே ஆண்டில் கோவையில்

இதே 2018-19-ல், ஐ-லீக் தொடரில், கோவை நேரு விளையாட்டரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி சாம்பியன் ஆனது. முந்தைய ஆண்டு பட்டியலின் அடிப்பகுதியில் தத்தளித்த அணி அது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்களத்தில் பெத்ரோ மான்சி, அவருக்குப் பந்து தருவதற்கு நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகெஸ், பின்களத்தில் ராபர்டோ எஸ்லாவா. நால்வரும் ஸ்பெயினின் கால்பந்து மரபில் வளர்ந்தவர்கள், ஒரே ஆட்டமொழி பேசுபவர்கள். மான்சி 21 கோல்கள் அடித்தார். அணி 20 ஆட்டங்களில் 48 கோல்கள்.

ஐஎஸ்எல் அணிகளோடு ஒப்பிட்டால் சிறிய அணி. பெரிய பெயர் எவரையும் அது வாங்கவில்லை. ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் ஆட்களைச் சேர்த்து வாங்கியதுதான் அதன் சாமர்த்தியம். ரோமாரியோ யேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் அந்தச் சூழலில் மெருகேறினர். அந்த முன்களம் நீடிக்கவில்லை என்பது வேறு. மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குப் போனார். நெஸ்டரும் விலகினார். அணி மறுபடியும் சாதாரண அணியாயிற்று.

2019-20: மறுகட்டமைப்பு

2019 கோடையில் சென்னையின் எஃப்சி தன் வெளிநாட்டு வீரர்களைப் பெரும்பாலும் மாற்றியது. அகஸ்டோ, நெல்சன், மைல்சன் போனார்கள். ஜேஜே முழங்கால் காயத்தால் அத்தொடர் முழுவதும் ஆடவில்லை. லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி, பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ வந்தார்கள். டெல்லி டைனமோஸிலிருந்து மிசோரமின் லாலியன்சுவாலா சாங்தே வந்தார். சென்னை சிட்டியிலிருந்து, பின்களத்திலும் நடுக்களத்திலும் ஆடக்கூடிய எட்வின் வந்தார்.

முன்களம் முழுக்கப் புதிது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில், நவம்பர் 25 அன்று ஹைதராபாத் அணிக்கு எதிராக, 90 நிமிடம் முடியும்வரை கோல் இல்லை. அதாவது 450 நிமிட ஆட்டம் வறண்டே போனது. கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி ஒன்று அடித்தார், ஹைதராபாத் சமன் செய்தது, வால்ஸ்கிஸ் இன்னொன்று அடித்தார். 2-1. அடுத்த ஆட்டம் ஒடிசாவுடன் 2-2. நவம்பர் இறுதியில் கிரெகரி பதவி விலகினார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் காய்ல் பொறுப்பேற்றார். இங்கிலாந்தின் பர்ன்லி, போல்டன் அணிகளுக்குப் பயிற்சியளித்தவர். அவர் வரும்போது 6 ஆட்டங்களில் 4 கோல்கள், 5 புள்ளிகள். அவருக்குக் கீழ் ஆடிய 12 லீக் ஆட்டங்களில் 28 கோல்கள், 24 புள்ளிகள். முன்களத்தில் ஆடியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். தமிழ்நாட்டுக் கால்பந்து பற்றி யோசிப்பவர்கள் இந்த இரண்டு வரிக் கணக்கின் முன்னால் சற்று நிற்கலாம்.

அப்படியென்றால் மாறியது என்ன? கிரிவெல்லாரோவைக் காய்ல் ஒரு மூலையில் கட்டிப்போடவில்லை. பந்து எங்கே இருக்கிறதோ அங்கே அவர் வந்து வாங்கினார். வாங்கியதும் தலைநிமிர்ந்து முன்னால் பார்த்தார். அவர் பார்க்கும்போது ஓடிக்கொண்டிருக்க இரண்டு பேர் இருந்தார்கள். வால்ஸ்கிஸ் பின்கள வீரர்களை நடுவே இழுத்துவைத்தார். சாங்தே ஓரத்திலிருந்து அந்த இடைவெளிக்குள் பாய்ந்தார். சாங்தே வாய்ப்புகளை வீணடிக்கிறார் என்ற விமர்சனம் அப்போது பலமாக இருந்தது. காய்ல் அவரை வெளியே உட்காரவைக்கவில்லை. நடுவில் அனிருத் தாபாவும் எட்வினும் மற்றவர்களும் பந்தை மேலேயே மறித்து மீட்டார்கள். எதிரணியின் கோலுக்கு அருகில் மீட்கப்படும் பந்து பாதி வேலையை முடித்துக்கொடுக்கிறது.

2020 பிப்ரவரி 1 அன்று கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என வென்ற ஆட்டம் இந்த வரிசையின் உச்சம். கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்தே இரண்டு. திட்டமிட்டுப் பங்கு பிரித்தது போன்ற கணக்கு. ஜனவரி 10 முதல் லீக்கின் கடைசி எட்டு ஆட்டங்களில் அணி தோற்கவே இல்லை. நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை 4-1, 2-4 என மொத்தம் 6-5 கணக்கில் தாண்டியது. முதல் ஆட்டத்தின் நான்கு கோல்களை நான்கு பேர் அடித்தார்கள்; அவர்களில் லூசியன் கோயன், எலி சாபியா இருவரும் பின்கள வீரர்கள். 2018-ன் அடையாளம் திரும்பியிருந்தது.

மார்ச் 14 அன்று கோவாவில் இறுதிப்போட்டி. கொரோனா அச்சத்தால் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. ஏடிகே அணி 3-1 என வென்றது. சென்னையின் ஒரே கோல் வால்ஸ்கிஸுடையது. அத்தொடரில் 15 கோல்களுடன் தங்கக் காலணி அவருக்கே கிடைத்தது. கிரிவெல்லாரோ 7 கோல்கள் அடித்து 8 கோல்களுக்கு உதவினார். சாங்தே 7 கோல்கள்.

கலைந்த வரிசை

ஐந்து மாதத்தில் உருவான இந்த வரிசை அடுத்த சில மாதங்களில் கலைந்தது. காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்; வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். ஷெம்ப்ரி இல்லை. தங்கிய கிரிவெல்லாரோ 2020 டிசம்பர் இறுதியில் காயமடைந்து தொடரிலிருந்து விலகினார். 2020-21-ல் சென்னை 20 ஆட்டங்களில் 17 கோல்களே அடித்தது. 11 ஆட்டங்கள் சமன். 2021-22-லும் 20 ஆட்டங்களில் 17 கோல்கள். இரண்டு ஆண்டும் எட்டாம் இடம். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள். பழைய வீச்சு வரவில்லை. வந்தவர் ஒருவர், போனது ஒரு கூட்டணி. அதே ஜனவரியில் சாங்தேயை மும்பை சிட்டிக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2022-23-ல் அங்கே அவர் 10 கோல்கள் அடித்துத் தொடரின் சிறந்த வீரர் விருதை வென்றார்.

ஐஎஸ்எல்லில் வெளிநாட்டு வீரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கானது. ஆகவே ஒரு நல்ல ஆண்டுக்குப் பிறகு முன்களம் சிதறுவது சென்னைக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. ஆனால் இதில் ஒரு தேர்வு இருக்கிறது. 2014-ல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017 முதல் ஐந்து, 2021 முதல் நான்கு. விதி குறையக் குறைய, ஆண்டுதோறும் மாறாத இந்திய வீரர்தான் தாக்குதல் வரிசையின் அடித்தளம் ஆகிறார். அந்த அடித்தளத்தை மும்பை சாங்தேயிடம் கண்டது. சென்னை தன்னிடம் இருந்தபோது அவரை இருபத்து நான்கு வயதில் அனுப்பிவைத்தது.

தமிழ்நாட்டு முன்கள வீரர்களின் நிலை இதைவிட மெல்லியது. தன்பால் கணேஷ், எட்வின் என நடுக்களத்தில் பெயர் சொல்லலாம். சென்னையில் பிறந்து சென்னை சிட்டியில் ஆடிய ஓர வீரர் நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிசா வழியாக ஈஸ்ட் பெங்கால் சேர்ந்தார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது. நெடுநாளாக அந்த மோதலில் வெல்லாத அணிக்கு அந்த ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார்.