பிரித்துப் பூட்டும் வில்லும் பிரிந்துபோன தோட்டங்களும்

வில் தமிழர்க்குப் புதிதன்று. சேரர் தம் கொடியில் பொறித்தது வில். கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு ‘வல்வில்’ என்னும் அடைமொழியை ஈட்டித் தந்ததும் வில்லே. ஆயினும், பழைய வில்லொன்று இன்று நம் கைக்கு வருமாயின், அது எந்நாட்டது, எக்காலத்தது, எவர் கையில் இருந்தது என ஆய்ந்துரைக்க வல்லார் நம்மிடையே மிகச் சிலரே. பழம்பொருளைப் போற்றுவதாகச் சொல்லும் நாம், அதனைப் படிக்கக் கற்றுக்கொண்டோமா என்பது சிந்திக்கத் தக்கது.

பேராக் மாநிலத்தில் இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. 1877இல் கோலகங்சாரில் நடப்பெற்ற இரப்பர்க் கன்றுகளில் தொடங்கி, இம்மாநிலத்தின் மலையடிவாரங்கள் தோட்டங்களாயின. பின்னர் அத்தோட்டங்களுட் பல கைமாறின, துண்டாடப்பட்டன, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. துரை பங்களாக்களும் கிராணி வீடுகளும் காலியானபொழுது அவற்றிலிருந்த தட்டுமுட்டுப் பொருள்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. ஈப்போவில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தைக்குச் சென்றோர் இத்தகைய பொருள்களின் வகைகளை அறிவர். அவற்றிடையே மூன்று துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும் ஒரு வில் தென்படுமாயின் விற்பவர் என்ன சொல்வார்? பழங்குடியினர் வில் என்பார். ஜப்பானியர் காலத்து வில் என்பார். அரண்மனை வில் என்றும் சொல்லக்கூடும். கதை பெரிதாகும்தோறும் விலையும் பெரிதாகும். ஆனால் பொருள் பொய் சொல்லாது. அதனைக் கேட்கும் முறையறிந்து கேட்டல் வேண்டும்.

முதற்கண், இம்மண்ணுக்கே உரிய வில் எத்தகையது எனக் காண்போம். ஊலு பேராக் காடுகளில் வாழும் செமாங் மக்களின் பழைய படைக்கருவி வில்லேயாகும். சும்பித்தான் எனப்படும் ஊதுகுழல், அண்டையிலிருந்த பிற பூர்வகுடியினரிடமிருந்து அவர்களுக்கு வந்தது என்பர் ஆய்வாளர். ஸ்கீட், பிளாக்டன் என்னும் இருவரும் 1906இல் வெளியிட்ட பெருநூலில் செமாங் வில்லைப் பற்றிய செய்திகள் விரிவாக உள்ளன. எனினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவ்வில் அருகி மறையத் தொடங்கிவிட்டது. அது மரத்தாலான ஒற்றைத் தண்டு வில், பூட்டுமில்லை, திருகாணியுமில்லை. ஆகவே, நடுவில் பிரியும் ஒரு வில்லைக் கண்டு பழங்குடியினர் வில் என்பார் கூற்றை முதற்பார்வையிலேயே மறுத்துவிடலாம். 1883இல் தோன்றிய தைப்பிங் பேராக் அரும்பொருளகம் பூர்வகுடியினரின் கருவிகளைத் தொகுத்து வைத்திருப்பதன் பெரும்பயனும் இதுவே. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருந்தாலன்றி எதனையும் அடையாளம் காண்டல் இயலாது.

பிரித்துப் பூட்டும் வில் மேனாட்டார் புதிதாகக் கண்ட புதுமையெனக் கருதுதலும் பிழையாம். கொம்பு, மரம், விலங்கின் தசைநார் ஆகியவற்றைப் பசையால் ஒட்டிச் செய்யும் வில் ஆற்றல் மிக்கது. ஆனால் மழைக்காலத்து ஈரம் அப்பசையை நெகிழச் செய்துவிடும். ஆதலின் இந்தியக் கொல்லர் எஃகினாலேயே வில் செய்தனர். அவற்றுட் சில, பிடியின் நடுவில் திருகிக் கழற்றத் தக்கவையாக இருந்தன. பொன்னும் வெள்ளியும் இழைத்த அத்தகைய விற்கள் இன்றும் அரும்பொருளகங்களில் உள.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெண்ணம் மீண்டும் தழைத்தது. 1930களில் சுவீடன் நாட்டார் எஃகுக் குழாயால் வில் செய்தனர். இங்கிலாந்தில் குழாய் வார்க்கும் தொழிலகமாகிய அக்கிள்ஸ் அண்ட் பொல்லாக் ‘அப்போலோ’ என்னும் பெயரில் எஃகு விற்களை விற்றது. குழாயின் உள்ளே துரு ஏறினால் அறிகுறி ஏதுமின்றி ஒருநாள் முறிந்துவிடும் என்பதே அவற்றின் குறை. பின்னர், மெல்லிய மரப்பட்டைகளின் இருபுறமும் கண்ணாடி இழைத் தகடுகளை ஒட்டிச் செய்யும் முறை பரவியது. முனைகள் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும் மறுவளைவு வில் இம்முறையால் செப்பம் பெற்றது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில், 52 ஆண்டு இடைவெளிக்குப் பின் வில்வித்தை மீண்டும் இடம்பெற்றது. அதனையொட்டிய ஆண்டுகளில் நடுப்பிடி வேறாகவும், மேற்கிளை கீழ்க்கிளை வேறாகவும் அமைந்த மூன்று துண்டு வில் உலகெங்கும் பரவலாயிற்று. அமெரிக்காவில் பிரெட் பேரும் ஏர்ல் ஹொய்ட்டும் இத்துறையில் பெயர் பெற்றனர். இசைக்கருவிகளால் நாமறிந்த ஜப்பானின் யமஹா நிறுவனமும் 1959 முதல் 2002 வரை வில் செய்து வந்தது.

இனி அடையாளம் காணும் வகையைக் காண்போம். முதலில் பூட்டை நோக்குக. கிளைகள் திருகாணியால் இறுகுகின்றனவா, கருவியின்றிக் கையாலேயே பூட்டும் தாழ் உள்ளதா என்பதே பெரும்பாலும் நிறுவனத்தைச் சுட்டிவிடும். பிரெட் பேரின் பிரித்துப் பூட்டும் வில் கையால் பூட்டும் தாழுடையது. அடுத்து, துண்டுகள் ஒரே குடும்பத்தவையா எனக் காண்க. அவ்வில்லின் பிடி ஏ, பி, சி என மூன்று அளவினது. கிளைகள் 1, 2, 3 என எண்ணிடப்பட்டவை. ஏ பிடியில் 3ஆம் எண் கிளைகளைப் பூட்டினாலும், சி பிடியில் 1ஆம் எண் கிளைகளைப் பூட்டினாலும் நீளம் 60 அங்குலமே. எனவே நீளத்தை மட்டும் அளந்து முடிவு கூறுதல் ஆகாது. கீழ்க்கிளையும் மேற்கிளையும் ஒரே இழுவிசை எண்ணைத் தாங்கியுள்ளனவா என்பதையும் காணல் வேண்டும்; இன்றேல் இரு விற்களின் துண்டுகள் கலந்துவிட்டன எனக் கொள்க.

மூன்றாவதாக எழுத்துகளைப் படிக்க வேண்டும். படித்தாலும் உடனே நம்பிவிடலாகாது. பேர் நிறுவனத்தின் விற்கள் பலவற்றில் 1953 என்னும் ஆண்டு காணப்படும். அது கனடா நாட்டுக் காப்புரிமையின் ஆண்டேயன்றி வில் செய்த ஆண்டன்று. அதனைக் கண்டு ஏமாந்தோர் பலர். அதனினும் நம்பத்தக்கது ஊர்ப் பெயர். அந்நிறுவனத்தின் தொழிற்சாலை 1978இல் மிச்சிகன் மாநிலத்துக் கிரேலிங்கிலிருந்து புளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கு மாறியது. ஆகவே கிரேலிங் என்னும் பெயர் தாங்கிய வில் அதற்கு முற்பட்டது எனலாம்.

கிடைத்த வில்லில் நாணேற்றிப் பார்க்க விழைவது மாந்தர் இயல்பு. அவ்விழைவை அடக்குக. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் ஒட்டுப்படலங்களைப் பிரித்திருக்கக்கூடும், கிளைகள் முறுக்கேறியிருக்கக்கூடும். அம்பின்றி நாணை இழுத்துவிடுதல் நல்ல வில்லையும் சிதைக்கும். 1980களில் வந்த நெகிழாத புதுவகை நாண், அதற்கு முற்பட்ட வில்லின் முனைகளைப் பிளந்துவிடும். டாக்ரான் நாணே அவற்றுக்கு ஏற்றது.

இவ்வளவும் வில்லே நமக்குச் சொல்லும் செய்திகள். ஆனால் வில் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. எந்தத் தோட்டத்துப் பங்களாவில் அது மாட்டப்பட்டிருந்தது? அதைத் துடைத்து வைத்த பணியாள் யார்? குறிப்பலகையைத் தோளில் சுமந்து சென்ற சிறுவன் எந்த லயத்துப் பிள்ளை? நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் நாளை ஒருவர் கண்டறியக்கூடும். இவ்வினாக்களுக்கு விடையளிக்க வல்ல முதியவர் மறைந்தால் விடையும் உடன் மறையும். ஒரு பொருளை அரிதாக்குவது அதன் விலையன்று. அதனோடு ஒட்டி நிற்கும் இடமும் மாந்தருமே.

1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நம் மக்களை வேலையும் வீடுமின்றி நிறுத்தியபொழுது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாற்கட்டிய கைகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கின. நிலத்தைக் காக்க அன்று ஒரு முயற்சி எழுந்தது. நினைவைக் காக்க அத்தகைய முயற்சி இன்றும் தேவை. பால் வாளியாயினும், உளியாயினும், துரை விட்டுச் சென்ற வில்லாயினும், கைக்கு வந்த அன்றே ஒரு தாளில் தோட்டத்தின் பெயரையும், கொடுத்தவர் பெயரையும், அவர் சொன்ன செய்தியையும், நாளையும் எழுதி அதனோடு கட்டிவைப்போமாக. பிரித்த வில்லை மீண்டும் பூட்டலாம். அதற்கென்றே அது செய்யப்பட்டது. பிரிந்த தோட்டத்தை அவ்வாறு பூட்ட இயலாது. அதன் வரலாற்றையேனும் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்தல் நம் கடனாம்.