மணிமிடைபவளம்: எல்லையோரத் தமிழரும் வானொலித் தொகைகளும்

அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மனார் நானூறு பாடல்களையும் கைக்கு வந்தபடி அடுக்கவில்லை. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி, நான்கில் முல்லை, ஆறில் மருதம், பத்து பத்தாக வருபவை நெய்தல். ஒன்று விட்டு ஒன்று பிரிவைப் பேசும். நடுவே கூடலும் ஊடலும் காத்திருப்பும் வந்து போகும். பாடியவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட புலவர்கள். அந்த வரிசையில் நம்மைக் கேட்க வைத்தவர் ஒருவர். அதனால்தான் தொகுத்தோன், தொகுப்பித்தோன் என்று இருவருக்கும் தனித்தனியே பெயர் வைத்து நம் மரபு நினைவில் கொண்டது. ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர அரசன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் வாழும் தமிழராகிய நமக்கு அதில் கூடுதல் உரிமை உண்டு. அகநானூற்றின் நடுப்பகுதிக்கு மணிமிடைபவளம் என்று பெயர். மணிக்கு இடையே பவளம் கோத்த மாலை. பல நிறப் பாடல்களை ஒரே சரட்டில் கோக்கும் வானொலி அறிவிப்பாளரின் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இன்னும் கண்டதில்லை.

அந்த வேலை இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வெளிவந்ததற்கு நம் நாட்டில் சிறந்த சான்று அமீன் சயானி (1932–2024). 1952 டிசம்பரில் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் ‘பினாகா கீத்மாலா’வைத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. பினாகா பற்பசை நிறுவனம் தொகுப்பித்தோன், அவர் தொகுத்தோன். பிற்காலத்தில் எச்.எம்.வி. வெளியிட்ட ‘கீத்மாலா கீ சாவ் மே’ தொகுப்புகளில் பாட்டுக்குப் பாட்டு அவர் குரல் வரும். வேண்டியவர்கள் பாட்டை மட்டும் வேறு தட்டுகளில் கேட்டிருக்கலாம். இவற்றை வாங்கியவர்கள் அவர் சொல்லி அடுத்த பாட்டு வருவதற்காகவே வாங்கினார்கள். இங்கிலாந்தில் ஜான் பீல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை பிபிசியின் ரேடியோ 1இல் இருந்தவர். 2002இல் லண்டன் நடன அரங்கு ஒன்றுக்காக அவர் தேர்ந்த தொகுப்பில் பாடகர்கள் மட்டுமில்லை, லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் திரண்டு பாடிய பாட்டும் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் தந்த துணிச்சல் அது.

தமிழில் இந்தக் கலை இலங்கை வானொலியில் வளர்ந்தது. காரணம் டெல்லியில் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரைப்பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய இல்லாமல் போனது. 1957 அக்டோபரில் விவித்பாரதி பிறக்கும்வரை, ஏன் அதற்குப் பிறகும், கேட்பவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரை முகம் பார்க்காமலே நம் ஊர்கள் அறிந்திருந்தன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. பிறகு ‘இசையும் கதையும்’: நேயர் எழுதி அனுப்பிய கதைக்குள் பாட்டுகளைப் பொருத்தி வாசிப்பார்கள். தெரிந்த பாட்டுக்குப் புதிய பொருள் ஏறும். யார் யாரிடம் சொன்னது என்னும் துறைக் குறிப்பு இல்லாத அகப்பாடலுக்கும் குறிப்புள்ள பாடலுக்கும் உள்ள வேறுபாடு அது.

கொழிஞ்சாம்பாறைக்கும் மூணாறுக்கும் இந்த வரிசை பாட்டாக மட்டும் வந்து சேரவில்லை. 1956 நவம்பர் 1க்குப் பின் சித்தூரும் தேவிகுளமும் பீருமேடும் உடும்பஞ்சோலையும் கேரளத்தில் இருந்தன. தாலுகாக் கச்சேரியில் மலையாளம், பேருந்துப் பலகையில் மலையாளம். தமிழ்ப் பள்ளி இருந்தது, தமிழ்ப் பத்திரிகை மறுநாள் வந்தது. அன்றன்றைக்கு, அந்தந்த நேரத்துக்கு, வாய் திறந்து பேசும் நல்ல தமிழ் என்றால் வானொலிதான். ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்பதைத் தடுமாறாமல் சொல்லிக் காட்டுவது எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பெருமை. இப்போது கொடைக்கானல் பண்பலையின் 100.5க்கு அந்த இடம்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் அத்தையின் லய வீட்டில், கதவுக்கு மேல் பலகையில் வானொலி இருந்தது. செம்புக் கம்பி வலையாக ஏரியல். மழைமூட்டத்தில் சிற்றலை ஏறி இறங்கும். கரைந்துபோன அடியை அத்தை அடுப்படியிலிருந்தே பாடி நிரப்புவார். பிறகு டேப் வந்தது. என்னிடம் இன்றும் இருக்கும் அந்த சி-90 நாடாவை, கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் போட்டுத் தந்தார். பட்டியல் கொடுக்கும் வழக்கம். அத்தை மட்டும், “நீங்களே பார்த்துப் போடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அட்டையில் நீல மையில் பதிந்து தந்தவரின் கையெழுத்து. ஒரு பக்கம் 45 நிமிடம், பன்னிரண்டு பாட்டு. கடைசியில் இன்னொரு பாட்டுக்கு இடம் போதவில்லை. அரைகுறையாக வெட்டாமல், அந்த இரண்டு நிமிடத்தில் நாகசுரத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு காதல் பாட்டுக்கும் ஒரு தாலாட்டுக்கும் நடுவே கர்நாடக இசைப் பாடகர் செம்பையின் கணீர்க் குரல்! முதன்முறை கேட்டபோது தவறிப் பதிந்துவிட்டதென்றே நினைத்தேன். நாலைந்து முறை கேட்ட பிறகு, அது இல்லாமல் அந்தத் தாலாட்டு தொடங்கக்கூடாது என்று ஆகிவிட்டது. வானொலி கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவருடையது.

அந்த நாடாவில் இன்னொன்றும் இருக்கிறது: அதில் வருவோரின் ஊர்கள். அவர் நினைத்துச் செய்தாரா என்று கேட்க இன்று அவர் இல்லை. எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பிறந்தது பாலக்காட்டு எலப்புள்ளியில். பி. லீலா 1934இல் பிறந்தது சித்தூரில். செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊரான செம்பை கோட்டாயிக்கு அருகே. இளையராஜாவின் பண்ணைப்புரம் இந்த மலையின் கிழக்கு அடிவாரம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டம் தோட்டமாகப் பாடி வாக்குக் கேட்டவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் காற்றில் வந்ததாக நாங்கள் எண்ணிய பாட்டில் பாதிக்கு ஊர் இந்த மலையோரம்தான்.

ஆகவே இக்கட்டுரை இடம்பெறும் மலரோடு ஒரு பாட்டுத் தொகையும் வெளிவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்த அறிவிப்பாளர் ஒருவர் தேர்ந்து தர வேண்டும். குழு போட்டுத் தேர்ந்தால் எல்லோருக்கும் பிடித்த பாட்டு வரும், வரிசை வராது. திரைப்பாட்டோடு கல்பாத்தித் தேர்த் திருவிழாவின் நாகசுரமும், வட்டவடைப் பெண்கள் வயலில் பாடுவதும், கொழுந்தெடுக்கும்போது நிரைக்கு நிரை எட்டும் பாட்டும் அதில் இருக்க வேண்டும். பீல் மைதானத்துக் கூட்டத்தைப் பாட வைத்தார் என்றால், நம் தோட்டத்துப் பெண்களுக்கு அந்த இடம் முதலிலேயே உண்டு.

போன மாதம் அத்தையிடம் இதைச் சொன்னேன். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டு எதுன்னாலும் போடு தம்பி. முன்னாடி அவங்க பேசுவாங்கல்ல, அதையும் சேத்துப் போடு” என்றார். “அந்தப் பேச்சக் கேட்டுத்தான் நான் அடுப்புப் பத்த வச்சேன், அதக் கேட்டுத்தான் மலைக்கு எறங்குனேன். வெறும் பாட்டுன்னா எனக்கு மணி எத்தனன்னு தெரியாது.”