1942: திரையிலும் துறையிலும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அட்மிரல் நகுமோவின் தலைமையில் வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்டவை அவை. கடற்படைத் தளம், சீனக்குடா விமானத் தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாம் குண்டுக்கு இலக்காயின. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்ற கப்பல் தீப்பற்றி எரிந்தது. அன்றைய தினமே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இருந்தோரில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1984இல் யப்பானிய நிறுவனமான கேப்காம், காசு போட்டு ஆடும் சுடு விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதன் பெயர் '1942'. அமைத்தவர் யொஷிகி ஒகமோட்டோ. ஆடுபவர் அமெரிக்கப் போர்விமானம் ஒன்றைச் செலுத்தி, எதிர்வரும் யப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். 32 கட்டங்களில் முதலாவது மிட்வே, இலக்கு டோக்கியோ. மேலைநாட்டுச் சந்தையைக் கருதி, யப்பானிய நிறுவனமே தன் நாட்டு விமானங்களை எதிரியாக்கிற்று. வர்த்தகத்துக்குத் தாய்நாடு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அந்த முதற் கட்டத்திலேயே நம் ஊரின் கதையும் ஒளிந்திருக்கிறது. திருகோணமலை மீது விமானங்களை ஏவிய ஐந்து கப்பல்களில் அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இரண்டு மாதங்களின் பின் மிட்வேயில்தான் மூழ்கின. ஆனால் விளையாட்டுத் திரையில் திருகோணமலை இல்லை. கடலும் வானும் எதிரி விமானமும் உண்டு. துறையில் மூட்டை சுமந்தவன் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவள் இல்லை.

இவ்விளையாட்டுகளுக்கு இரண்டாம் வாழ்வு தந்தவர்கள் ரசிகர்கள். பெரிய யந்திரத்தில் ஓடிய விளையாட்டை வீட்டு விளையாட்டுப் பெட்டிக்குப் பெயர்ப்பது எளிய காரியமன்று. '1942' யந்திரத்தில் இரண்டு 'இசட்80' செயலிகள் வேலை செய்தன. திரை நெடுக்காக நின்றது. நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியிலோ வேறு இனச் செயலி, திரை அகலவாட்டில், நினைவகம் 2 கிலோபைட்டு, ஒரே கிடைவரியில் எட்டு அசையும் உருவங்களுக்கு மேல் காட்ட இயலாது. 1985இல் நிறுவனமே வெளியிட்ட ஃபாமிகாம் பதிப்பின் தடுமாறும் அசைவையும் ஓயாத ஒலியையும் ரசிகர்கள் இன்றும் குறை கூறுவர்.

நிறுவனம் அரைகுறையாக விட்டதை ரசிகன் கையில் எடுக்கிறான். பழைய சில்லுகளில் உள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, பொருளறிந்து, வேறொரு செயலியின் மொழியில் திரும்ப எழுதுகிறான். 1977இல் வந்த அட்டாரி 2600 பெட்டிக்கு உள்ளது 128 பைட்டு நினைவகம் மட்டுமே. அதற்கும் 'கேலகா' விளையாட்டை, பேழைக்குள் துணைச் சில்லு ஒன்றை வைத்து, 'கேலகான்' என்ற பெயரில் ஆர்வலர் உலகம் பெயர்த்துத் தந்திருக்கிறது. ஜோத்தேகோ என்ற பெயரில் இயங்கும் ஸ்பானியப் பொறியாளரோ, '1942' யந்திரத்தின் மின்சுற்றையே மறுபடி அமைக்கக்கூடிய சில்லில் எழுதினார். சட்டப்படி விளையாட்டின் உரிமை நிறுவனத்துக்கு. காலத்தால் அழியும் சில்லைக் காக்கும் கவலை மட்டும் ரசிகனுக்கு! உழைப்பவன் ஒருவன், உடைமையாளன் ஒருவன் என்ற பழைய நியதி இந்தப் புதிய உலகிலும் மாறவில்லை.

இந்த உழைப்பை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. அழியவிருந்த ஒரு கைவண்ணத்தை, ஒரு வெடிச் சத்தம்கூடத் தவறாமல் காப்பாற்றிய சிரத்தை அது. ஆனால் யந்திரம் எதைச் சொன்னதோ அதைத்தான் ரசிகன் காப்பாற்ற முடியும். யந்திரம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது?

திருகோணமலையில் இரும்புக்குக் கணக்குண்டு. துறைமுகத்தின் அடியில் கிடந்த 'சகாயிங்' கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல் மிதக்கவைத்தது. எஞ்சியுள்ள 99 எண்ணெய்க் குதங்களை யார் யார் நிருவகிப்பது என்று 2022 ஜனவரி உடன்படிக்கைகள் வகுத்துவிட்டன. நிலாவெளி வீதியில் யுத்த மயானத்தின் கற்கள் ஒழுங்காக நிற்கின்றன. படைவீரனுக்குக் கல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் தளத்தில் கூலி வேலை செய்தவர்களும் குதங்களில் எண்ணெய் இறைத்தவர்களும் மீன்பிடித்தவர்களும் அன்று கண்டதை எந்தக் கல் சொல்லும்?

அந்தக் காலையைக் கண்ட கண்களில் பெரும்பாலானவை மூடிவிட்டன. அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிப்போன கதைகள் மட்டும் இன்னும் உலவுகின்றன. ஒரு சில்லில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் எண்ணிக் காக்கும் பொறுமை மனிதனுக்கு உண்டு என்பதைத் தூரதேசத்து ரசிகர்கள் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு போதும்: நம் ஆசிரியர்களும் மாணவர்களும் துறைமுகத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதிவிடலாம். சுடுபவனின் சரித்திரம் திரையில் எத்தனை தடவையும் மறுபடி ஓடும். சுடப்பட்டவனின் சரித்திரத்தை ஒரு தடவையாவது எழுதிவைக்க வேண்டாமா?