மலைக் கொரில்லாச் சுற்றுலா

மலைக் கொரில்லாச் சுற்றுலா என்பது நடு ஆப்பிரிக்காவின் மலைக்காடுகளில் வாழும் மலைக் கொரில்லாக்களை அவற்றின் இயல்பான வாழிடத்திலேயே சென்று காணும் பயணம் ஆகும். ருவாண்டா, உகாண்டா, காங்கோ மக்களாட்சிக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே இவ்விலங்கைக் காண இயலும். விலங்குக் காட்சிசாலைகளில் உள்ள கொரில்லாக்கள் ஏறத்தாழ அனைத்தும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். மலைக் கொரில்லா எந்தக் காட்சிசாலையிலும் இல்லை. எனவே இதனைப் பார்க்க விரும்புவோர் மலையேறித்தான் ஆக வேண்டும்.

வாழிடங்கள்

மலைக் கொரில்லாக்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு காட்டுப் பகுதிகளில் வாழ்கின்றன. முதலாவது, மூன்று நாடுகளின் எல்லையில் அமைந்த விருங்கா எரிமலைத் தொடர். இதில் ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்கா, உகாண்டாவின் மகாகிங்கா தேசியப் பூங்கா, காங்கோவின் விருங்கா தேசியப் பூங்கா ஆகியன அடங்கும். இரண்டாவது, உகாண்டாவின் தென்மேற்கில் 321 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புவிண்டிக் காடு. 2015–16 கணக்கெடுப்பில் விருங்காவில் 604 விலங்குகளும், 2018 கணக்கெடுப்பில் புவிண்டியிலும் அதனை ஒட்டிய காங்கோப் பகுதியிலுமாக 459 விலங்குகளும் இருந்தன. கூட்டுத்தொகை 1,063. 1981-இல் விருங்காவில் எண்ணப்பட்டவை 254 மட்டுமே என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவ்வளர்ச்சியைக் கருத்திற்கொண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் இவ்விலங்கை 'மிக அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து 'அருகிய இனம்' என்ற நிலைக்கு மாற்றியது.

வரலாறு

செருமானியப் படை அதிகாரி இராபர்ட் வொன் பெரிங்கே 1902-இல் சபின்யோ மலையில் சுட்டு வீழ்த்திய விலங்கைக் கொண்டு, 1903-இல் இவ்வினம் அறிவியலுக்கு அறிமுகமானது. அறிவியற் பெயரில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கொன்றவரின் பெயரால் ஒரு விலங்கு அழைக்கப்படுவது அக்கால வழக்கம்.

1967-இல் டயான் பாசி ருவாண்டாவில் கரிசோக்கே ஆய்வு நிலையத்தை நிறுவினார். அவருக்கு மிகவும் நெருக்கமான டிஜிட் என்ற ஆண் கொரில்லா 1977-இன் இறுதியில் திருட்டு வேட்டையரால் கொல்லப்பட்டது உலகின் கவனத்தை ஈர்த்தது. எனினும் வேட்டை மட்டுமே சிக்கலாக இருக்கவில்லை. 1960களின் இறுதியிலேயே பூங்காவின் ஒரு பெரிய பகுதி, பூச்சிக்கொல்லி எடுக்கப் பயன்படும் பைரெத்திரப் பூச்செடிகளைப் பயிரிட வெட்டப்பட்டிருந்தது. 1970களின் இறுதியில் மேலும் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணைக்கு ஒதுக்கும் திட்டம் எழுந்தது. அப்பொழுது அங்கிருந்த அமெரிக்க ஆய்வாளர்கள் பில் வெபரும் ஏமி வெட்டரும், காடு காடாகவே இருந்தால் நாட்டுக்கு வருவாய் தரும் என்று காட்ட முனைந்தனர். 1979-இல் தொடங்கிய மலைக் கொரில்லாத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் சுற்றுலா உருப்பெற்றது. பாசி இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவர் 1985 திசம்பரில் தம் குடிலில் கொலை செய்யப்பட்டார்.

உகாண்டாவில் இச்சுற்றுலா 1993-இல் புவிண்டியில் தொடங்கியது. 1994 இனப்படுகொலையின்போது ருவாண்டாவில் தடைப்பட்ட சுற்றுலா சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டது. 1999 மார்ச்சில் ருவாண்டக் கிளர்ச்சியாளர்கள் புவிண்டி முகாமைத் தாக்கி 8 வெளிநாட்டுப் பயணிகளைக் கொன்றனர். காங்கோவில் ஆயுத மோதல்களால் சுற்றுலா அடிக்கடி நிறுத்தப்பட்டு வந்துள்ளது.

பயண முறை

மனிதர் அருகில் வந்தால் காட்டுக் கொரில்லா ஓடும், அல்லது தாக்க வரும். ஆதலால் காவலர்கள் ஒரே கூட்டத்தை நாள்தோறும் பின்தொடர்ந்து மனித வருகைக்குப் பழக்குகின்றனர். இதற்கு ஈராண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். பழக்கப்பட்ட கூட்டங்களை மட்டுமே பயணிகளுக்குக் காட்டுவர். ஒரு கூட்டத்திற்கு ஒரு நாளில் ஒரே குழு. அதில் அதிக அளவாக 8 பேர். பார்க்கும் நேரம் 1 மணி. 15 வயது நிரம்பாதோருக்கு அனுமதி இல்லை.

காலையில் பூங்கா அலுவலகத்தில் குழு பிரிக்கப்படும். அதற்கு முன்பே தடங்காண்போர் காட்டுக்குள் சென்று, முந்தைய நாள் கூட்டம் இருந்த இடத்திலிருந்து மிதிபட்ட செடி, சாணம், இரவு உறங்கிய இலைப்படுக்கை ஆகியவற்றைப் பின்பற்றி அதன் இருப்பிடத்தைக் கண்டு வானொலிக் கருவி மூலம் தெரிவிப்பர். நடை ஒரு மணியில் முடியலாம். ஆறு மணிக்கு மேலும் நீளலாம். மூங்கில் புதர், சேறு, காஞ்சொறி ஆகியவற்றால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் தேவைப்படும். மழை குறைந்த சூன்–செப்டம்பர், திசம்பர்–பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை.

கூட்டத்தை நெருங்கியதும் வழிகாட்டி தொண்டையைக் கனைப்பது போன்ற தாழ்ந்த ஒலியை எழுப்புவார். இது கொரில்லாக்கள் நிறைவோடு உண்ணும்போது எழுப்பும் ஒலியின் போலி. ஒளிவீச்சுடன் படம் எடுத்தல், உரத்த பேச்சு, கண்ணோடு கண் உறுத்துப் பார்த்தல் ஆகியன கூடா. 'வெள்ளிமுதுகு' எனப்படும் தலைமை ஆண் மார்பில் அறைந்து பாய்ந்து வந்தால் ஓடாமல் குனிந்து அமர வேண்டும். பெரும்பாலும் அது அச்சுறுத்தலோடு நின்றுவிடும்.

கட்டணம்

ருவாண்டா 2017-இல் அனுமதிச்சீட்டின் விலையை 750 டாலரிலிருந்து 1,500 டாலராக உயர்த்தியது. உகாண்டாவில் 2024 சூலை முதல் 800 டாலர். ருவாண்டாக் கணக்கில் ஒரு குழுவின் ஒரு மணி நேரம் 12,000 டாலர் ஆகிறது. மிகையாகத் தோன்றினாலும், ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் வருவாயைக் கூட்ட வேறு வழி இல்லை. பூங்கா வருவாயில் 5 விழுக்காட்டைச் சுற்றுப்புற ஊர்களுக்கு ஒதுக்கும் முறை ருவாண்டாவில் 2005-இல் தொடங்கி, 2017-இல் 10 விழுக்காடாக உயர்ந்தது.

நோய்த் தொற்று

மரபணு அடிப்படையில் மனிதனுக்கு மிக நெருங்கியதால் மனிதனின் சளியும் இருமலும் கொரில்லாவைத் தொற்றும். அவற்றுக்கு எதிர்ப்பாற்றலும் குறைவு. 1996-இல் புவிண்டியில் சொறிசிரங்கு பரவி ஒரு குட்டி இறந்தது. அப்போது மற்றவற்றுக்கு மருந்தளித்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிக்குசோக்கா, சுற்றியுள்ள மக்களின் உடல்நலத்தைப் பேணாமல் கொரில்லாவைக் காக்க முடியாது என்ற கருத்தில் பின்னர் தனி அமைப்பு ஒன்றை நிறுவினார். 2009-இல் ருவாண்டாவின் இர்வா கூட்டத்தில் மனித மெட்டாநியூமோ தீநுண்மி பரவியபோது 12 விலங்குகளில் 11 நோயுற்றன. ஒரு பெண்ணும் ஒரு குட்டியும் இறந்தன.

நோயுற்ற பயணிக்கு அனுமதி மறுக்கப்படுவது இதனாலேயே. நெடுங்காலம் 7 மீட்டராக இருந்த இடைவெளி, 2020 பெருந்தொற்றுக்குப் பின் 10 மீட்டராக்கப்பட்டு முகக்கவசமும் கட்டாயமானது. ஆனால் விதி ஏட்டில் இருப்பது வேறு, காட்டில் நடப்பது வேறு. குட்டிகள் தாமாகவே அருகில் வருவதுண்டு. நல்ல படம் வேண்டிப் பயணிகள் முன்னே நகர்வதும் உண்டு.

சுற்றுலா நின்றபோதும் இடர் நேர்ந்தது. 2020 சூனில் புவிண்டியின் இரபிக்கி என்ற வெள்ளிமுதுகுக் கொரில்லா, வேறு விலங்குகளை வேட்டையாடச் சென்றவரால் ஈட்டியால் கொல்லப்பட்டது. குற்றவாளிக்கு 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பத்வா மக்கள்

இக்காடுகளில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த பத்வா மக்கள், புவிண்டியும் மகாகிங்காவும் 1991-இல் தேசியப் பூங்காக்கள் ஆக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டனர். கொரில்லாவை வேட்டையாடுவது இவர்களது வழக்கமன்று. நில உரிமை ஆவணங்கள் இல்லாததால் பெரும்பாலோர் இழப்பீடு பெறவில்லை. இன்று சிலர் தம் பழைய வாழ்க்கை முறையைப் பயணிகளுக்கு நடித்துக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர். சிலர் சுமைதூக்குவோராகப் பணிபுரிகின்றனர். 2021 ஆகத்தில் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், இவ்வெளியேற்றம் குறித்த வழக்கில் பத்வா மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.