பழவேற்காட்டின் அரசியார் ஓபயம்மா

முடிசூடியவர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு, கல்வெட்டு உண்டு, காசில் உருவம் உண்டு. அவர்களுக்கு அடுத்த வரிசையில் நின்ற அரச குடும்பத்தாருக்கு இவற்றில் எதுவும் எளிதில் வாய்ப்பதில்லை. இளவரசர், இளைய ராணி, மன்னரின் தம்பி, சிற்றப்பா என்று உறவுமுறையாலேயே அறியப்படும் இவர்களும் நாட்டுக்குரிய கடமைகள் சிலவற்றைச் சுமந்தவர்களே. அக்கடமை எத்தகையது என்பதை ஆராய, 400 ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டுத் துறைமுகத்துக்கு உரியவராயிருந்த ஓர் அரசியின் வரலாறு நமக்குக் கைகொடுக்கிறது.

முதலில், நம் தாத்தாக்கள் கண்ட பிரிட்டிஷ் வழக்கத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி அமைந்த சென்னை சட்டமன்றத்தை 1921 ஜனவரி 12 அன்று தொடங்கிவைத்தவர் விக்டோரியா மகாராணியின் மூன்றாவது மகனான கன்னாட் கோமகன். நீதிக்கட்சி அமைச்சரவை அதற்கு முந்தைய மாதமே பொறுப்பேற்றுவிட்டது. தேர்தல் முடிந்து, சட்டமும் நடைமுறைக்கு வந்திருந்தது. கோமகனின் வருகை இவற்றில் எதையும் மாற்றவில்லை. மன்னரின் பெயரால் வாழ்த்துவதே அவர் வந்த வேலை. ஒத்துழையாமை இயக்கத்தார் அந்த வருகையைப் புறக்கணிக்கச் சொன்னதும் இதனால்தான்: ஆளுக்கு எதிராக அல்ல, அவர் அடையாளமாக நின்ற ஆட்சிக்கு எதிராக. 1948 பிப்ரவரியில் கொழும்பில் சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்த குளோஸ்டர் கோமகனும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தம்பி என்ற முறையில்தான் வந்தார். மருத்துவமனை திறப்பு, படை அணிவகுப்பு, அறநிலையங்களின் புரவலர் பதவி என்று இன்றும் அக்குடும்பத்தின் இளைய கிளையினர் இதே பணியைத்தான் செய்கிறார்கள். முடிவுகளை எடுப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

பழவேற்காட்டில் நிலைமை நேர்மாறாக இருந்தது.

விஜயநகரத்தின் கடைசி அரச மரபான ஆரவீடு மரபில் 1586 முதல் 1614 வரை ஆண்டவர் இரண்டாம் வேங்கடபதி ராயர். தலைக்கோட்டைப் போருக்குப் பின் சுருங்கிப்போன பேரரசை அவர் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்டார். அவருடைய ராணியருள் ஒருவரே ஓபயம்மா. ‘இறைவி’ என்றும் சில நூல்கள் அவரைக் குறிக்கும். பழவேற்காடும் அதன் வருவாயும் இந்த ராணியின் பொறுப்பில் இருந்தன. அரண்மனைப் பெண்களுக்குப் பூவுக்கும் மஞ்சளுக்கும் என்று ஊர் விடும் பழைய வழக்கத்தை விடக் கனமான பொறுப்பு இது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே முகத்துவாரத்தை ஒட்டி அமைந்த இத்துறையிலிருந்துதான் சோழமண்டலக் கரையின் நெசவும் சாயத்துணியும் மலாக்காவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் போயின. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரில் இருப்பது நம் பழவேற்காடு.

மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கத் தீவுகளுக்குப் போன டச்சுக்காரர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். அங்கே வெள்ளியைவிட இந்தக் கரையின் துணிக்கே மதிப்பு அதிகம். ஆகவே துணி கிடைக்கும் துறையில் பண்டகசாலை வேண்டும். 1610இல் வேங்கடபதி ராயரிடமிருந்து அவர்கள் கவுல் என்னும் அனுமதிச் சாசனம் பெற்றார்கள். பழவேற்காட்டில் தங்கி வணிகம் செய்யலாம். மற்ற ஐரோப்பியருக்கு அங்கே இடமில்லை. தெற்கே சாந்தோமில் அமர்ந்திருந்த போர்த்துகீசியருக்கு இது பொறுக்கவில்லை.

கவுல் எழுதியவர் மன்னர். அதை அன்றாடம் நடத்திக்காட்ட வேண்டிய சுமை துறைமுகத்துக்குரிய ராணியின் மேல் விழுந்தது. அந்த நிர்வாகம் எப்படி நடந்தது என்பதற்கு ஓர் அரிய சாட்சி உண்டு. 1611 ஆகஸ்டில் ‘குளோப்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தது. அதில் வந்த வணிகர் பீட்டர் ஃபுளோரிஸ் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. கரையிறங்கியவர்களை டச்சுத் தலைவர் வான் வெசிக் மறித்து, மன்னரின் கவுலைக் காட்டினார். ஆங்கிலேயர் ஊர் நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். அங்கே ஷாபந்தர் என்னும் துறைமுக அதிகாரியோடு அவர்கள் சந்தித்த நிர்வாகத் தலைவர் ஒரு பெண். கொண்டம்மா என்று பெயர். மன்னர் தந்த வாக்கை மீற முடியாது என்பதே அவர் பக்கத்திலிருந்து கிடைத்த விடை. கப்பல் வடக்கே மசூலிப்பட்டினம் நோக்கிப் போய்விட்டது.

துறைமுகம் ஒரு ராணியின் பொறுப்பு; ஊர் நிர்வாகம் இன்னொரு பெண்ணின் கையில். லண்டனிலிருந்து வந்த கப்பலைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. கன்னாட் கோமகனுக்கு வாய்க்காத அதிகாரம் இது.

1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். கவுல் கொடுத்த அரசுக்கே இது தலைகுனிவு. துறையைக் காக்கக் கோட்டை எழுப்பும் வேலை ராணியின் தரப்பில் தொடங்கியது. 1613இல் அதை முடித்து நிலைநிறுத்தியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களின் தலைவர் வெம்மர் வான் பெர்ச்செம் தம் சொந்த மாகாணத்தின் நினைவாக அதற்கு ‘கெல்ட்ரியா’ என்று பெயரிட்டார். வெளியார் ஒருவரைக் கொண்டு இன்னொருவரைத் தடுப்பது அன்றைய கரையோர ஆட்சியாளர் எல்லாரும் கையாண்ட உபாயம். சுங்கம் நின்றுவிடாமல், துறையும் கைவிட்டுப் போகாமல் இருக்க ராணிக்கு அப்போது இருந்த வழியும் அதுதான்.

அந்த உபாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கோட்டைக்குள் இருப்பவனைத் தட்டிக்கேட்க வெளியே ஒரு வலுவான கை இருக்க வேண்டும். 1614 அக்டோபரில் வேங்கடபதி ராயர் இறந்தபோது அந்தக் கை போயிற்று. அப்போது மசூலிப்பட்டினத்தில் இருந்த ஃபுளோரிஸ், மன்னரோடு மூன்று ராணியர் உடன்கட்டை ஏறினார்கள் என்றும் அவர்களுள் பழவேற்காட்டின் அரசியான ஓபயம்மாவும் ஒருவர் என்றும் தமக்கு வந்த செய்தியைப் பதிந்திருக்கிறார். ஒரு துறைமுகத்தை நடத்திய நிர்வாகிக்கு அந்தக் காலத்து வழக்கம் விதித்த முடிவு அது. கணவரின் பெயரால் வந்த அதிகாரம் கணவரோடு முடியவேண்டும் என்பதே அந்த வழக்கத்தின் உட்பொருள். அடுத்துப் பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்கனும் அவர் குடும்பத்தாருள் பலரும் கொல்லப்பட்டார்கள். கொப்பூரி ஜக்கராயர் ஒருபுறமும் வேலுகோடி யாசம நாயக்கர் மறுபுறமும் நின்ற வாரிசுப் போர், கல்லணைக்கு அருகே தோப்பூரில் ஜக்கராயர் வீழும்வரை நாட்டைக் கிழித்தது.

கோட்டை நின்றது. சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமாக 1690 வரை விளங்கியது. 1620களில் அங்கிருந்து துணி மூட்டைகளோடு அடிமைகளும் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ராணி காலத்தில் சுங்கம் கட்டும் விருந்தினராக வந்தவர்கள், பத்து ஆண்டுக்குள் மனிதரை விலைபேசும் நிலைக்கு உயர்ந்துவிட்டார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது.

அரச குடும்பத்து இரண்டாம் வரிசையினருக்கு இதில் ஒரு பொது விதி தெரிகிறது. அவர்களுடைய அதிகாரம் கடன் வாங்கிய அதிகாரம். பிரிட்டிஷ் கோமகனுக்கு அந்தக் கடன் நாடாவை வெட்டும் அளவுக்கே கிடைத்தது; அதனால் தீங்கும் குறைவு, பயனும் குறைவு. ஓபயம்மாவுக்கு அது சுங்கம், அனுமதி, அரண் என்று முழுதாகக் கிடைத்தது. திருப்பிக் கேட்கப்பட்டபோது அதுவும் முழுதாகவே போயிற்று.

ஏரிக்கரைக் குப்பங்கள் இதற்கு மாறான ஒரு முறையைப் பேணிவருகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தார், ‘பாடு’ எனப்படும் முறைப்படி இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்கிறார்கள். தலைக்கட்டு உரிமை பிறப்பால் வருவதே. நல்ல நீரோட்டமுள்ள இடம் மட்டும் ஒருவருக்கே நிலைப்பதில்லை, முறைவைத்துக் கைமாறும். இந்த உரிமைக்கு வெளியே நிற்கும் மற்றச் சமூகங்களின் மனக்குறை நியாயமானது, தீர்க்கப்பட வேண்டியது. ஆனாலும் உரிமை ஓர் ஆளின் உயிரோடு கட்டப்படாமல் ஊரோடு கட்டப்பட்டதால் அது ராயர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என எந்த அரசையும் நம்பி நிற்கவில்லை.

பழவேற்காட்டின் வரலாற்றை டச்சுக் கல்லறைகளிலிருந்து தொடங்குவது இதுவரை நம் வழக்கமாக இருந்துவிட்டது. அங்குள்ள கல்லெழுத்துகள் செதுக்கழகு மிக்கவை, பார்க்க வேண்டியவையும்கூட. ஆனால் அக்கல்லறைகளில் கிடப்பவர்கள் அனுமதி கேட்டு வந்தவர்கள். அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் உரியவர்களாக ஓபயம்மாவும் கொண்டம்மாவும் இங்கே இருந்தார்கள். பள்ளிப் பாடமோ ஊர் வரலாறோ இனி எழுதப்பட்டால், முதல் பத்தி அவ்விருவருக்கும் உரியது.