புழுங்கலரிசி காத்த உயிர்கள்



நம் நாட்டின் வரலாற்றைப் பேசும்போது ஈயச் சுரங்கங்களைப் பேசுகிறோம். ரப்பர்த் தோட்டங்களையும் இரயில் பாதைகளையும் பேசுகிறோம். அங்கெல்லாம் உழைத்தவர்கள் என்ன உண்டார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால், ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்னர், உலையில் இட்ட அரிசி எத்தகையது என்பதே இங்குப் பலருடைய வாழ்வையும் சாவையும் முடிவு செய்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாருட், கிந்தா வட்டாரங்களின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வேலை செய்தனர். பெரிபெரி என்னும் நோய் அவர்களை வாட்டியது. முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்கு உடம்பு நீர்கோத்து வீங்கும்; நெஞ்சு படபடக்கும். நல்ல உடற்கட்டோடு வந்த இளைஞன் சில மாதங்களில் எழுந்து நிற்க இயலாதவன் ஆவான். இதயம் தளர்ந்து இறந்தவர்களும் பலர். சிறைகளிலும் மருத்துவமனைகளிலும்கூட இந்நோய் தோன்றியது.

காரணம் என்ன? ஈர நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்று என்றனர் சிலர். கட்டடத்தில் குடிகொண்ட கிருமி என்றனர் வேறு சிலர். அப்படியானால் அது எல்லாரையும் அல்லவா தாக்க வேண்டும்? அதே மழையிலும் அதே ஈரத்திலும் வாழ்ந்த கம்பத்து மலாய்க்காரர்களிடமும் தோட்டத்துத் தமிழர்களிடமும் பெரிபெரி அரிதாகவே காணப்பட்டது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதை ஆராய்ந்து, 1907ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மூன்று இனத்தாரும் உண்ட அரிசியில் இருந்த வேறுபாட்டை அவர் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் உண்டது, ஆலையில் நன்றாகத் தீட்டப்பட்டு சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்தனர். அதில் தவிடு முற்றிலும் நீங்குவதில்லை. தமிழர்கள் உண்டதோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. பச்சரிசி நாள்பட்டால் அதில் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் எண்ணினார். அந்த விளக்கம் பின்னர் தவறென்று தெரிந்தது. எனினும், நோய்க்கு வழி அரிசிதான் என்று அவர் கூறியது சரியே.

இதற்கிடையில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் பிளெட்சர், அவ்வாண்டு டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு கூடத்திலும், இரட்டைப்படை எண் பெற்றவர்கள் எதிர்க்கூடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். மற்ற உணவெல்லாம் இரு சாராருக்கும் ஒன்றே. அரிசி மட்டும் ஒரு சாராருக்குப் பச்சரிசி, மறு சாராருக்குப் புழுங்கலரிசி. நோய் கட்டடத்தில் இருக்கிறதோ என்ற ஐயம் தீர, இடையில் கூடங்களையும் மாற்றிவிட்டார்.

ஓராண்டு முடிவில், பச்சரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் 30க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட ஏறத்தாழ அதே எண்ணிக்கையினரில் நோய் கண்டவர்கள் இருவரே. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். இன்றைய மருத்துவ நெறி இத்தகைய சோதனைக்கு இடங்கொடாது. நாம் பெற்ற இந்த அறிவுக்கு விலையாக உயிர் கொடுத்தவர்கள் அந்தப் பதினெண்மரும் என்பதை மறவாதிருப்போம்.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் 1907ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதிக்குச் சென்றனர். அங்கே சாலை அமைத்துக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினர். பச்சரிசி உண்ட பிரிவில் சுமார் மூன்று மாதங்களில் பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசிப் பிரிவில் தோன்றவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் பிரிவு மாறியது. பின்னர் கோழிகளைக் கொண்டு சோதித்து, தீட்டும்போது நீங்கும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினர்.

அண்டை நாடான ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான், கோழிகளிடம் இதே உண்மையை 1890களிலேயே கண்டிருந்தார். 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டிலுள்ள அந்தப் பொருளையே இன்று நாம் வைட்டமின் பி1 என்கிறோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள இந்தச் சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடும். நெல் அவித்த நம் முன்னோர் வைட்டமினை அறிந்தவர்கள் அல்லர். உமி எளிதில் கழலும், குத்தும்போது அரிசி நொறுங்காது என்பதற்காகவே அவித்தனர். அந்த வழக்கம் கடல் கடந்து வந்து அவர்களுடைய பிள்ளைகளைக் காத்தது.

இதைக் கேட்டு, தமிழனின் இரத்தத்திலேயே தனி வலிமை இருந்தது என்று பெருமை கொள்ள வேண்டாம். மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் தோட்டங்களில் நம்மவர் கூட்டங்கூட்டமாக மாண்டனர்; அங்கே புழுங்கலரிசி துணை செய்யவில்லை. பிறகு ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசிக்குப் பஞ்சம் வந்தது. மரவள்ளிக்கிழங்கே பலருக்குச் சோறாயிற்று. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு அந்த அளவுகூடச் சரியான உணவில்லை. அப்பொழுது காலராவோடும் மலேரியாவோடும் பெரிபெரியும் நம்மவரைத் தாக்கியது. ஆகவே, காவல் இரத்தத்தில் இல்லை, உணவில்தான் இருந்தது.

இன்று நம் கடைகளில் வெள்ளை வெளேரென்ற அரிசிக்கே மதிப்பு அதிகம். புழுங்கலரிசி மட்டமானது, அது கஷ்டப்பட்டவர் சாப்பாடு என்று ஒதுக்குவோரும் உண்டு. பச்சரிசி உண்ணக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதனோடு பருப்பு, பயறு, நிலக்கடலை, மீன் முதலியவையும் இருந்தால் பெரிபெரிக்கு இடமில்லை. சோற்றையும் உப்பையும் மட்டுமே நம்புகிற வீட்டுக்குத்தான் ஆபத்து. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினாலும், நிறைய நீர்விட்டு வடித்துக் கொட்டினாலும் இந்தச் சத்து நீரோடு போய்விடும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள்தோறும் சம்சு முதலிய மதுவைக் குடித்து, சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு இன்றும் இந்தக் குறைநோய் வருகிறது. வைட்டமின் பி1 உடலில் சேர்வதை மது தடுக்கிறது. உடலும் அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. கால் மரத்துப்போகிறது, நடை தடுமாறுகிறது என்று அவர்கள் சொன்னால், போதை என்று எண்ணி விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலத்தில் கவனித்தால் பெரும்பாலும் தேறிவிடலாம்.

நம் பாட்டிமார் உண்ட அரிசியின் கதையை இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.