ஊசித்துளையும் இருட்டறையும்: இப்னுல் ஹைதம் உண்மையில் செய்தது என்ன?



“கேமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம், கேமரா என்னும் பெயரே ‘கம்ரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது” என்று மேடைகளில் கேட்கிறோம், மலர்களிலும் படிக்கிறோம். கேட்க இனிக்கும் இச்செய்தி சரியானதன்று. கேமரா என்பது ‘அறை’ எனப் பொருள்படும் லத்தீன் சொல். வளைந்த கூரையைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லே அதன் மூலம். இல்லாத பெருமையைச் சூட்டுவது, உள்ள பெருமையை மறைத்துவிடும். எனவே அவ்வறிஞர் செய்தது என்ன என்பதை அறிவது நமது கடமையாகும்.

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் அவர்கள் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து, கி.பி. 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்தார்கள். இருட்டறையின் சுவரில் சிறு துளையிருந்தால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இதை முதலில் கண்டவர் அவரல்லர். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீன அறிஞர் மோ சூவின் வழிவந்தோர் இதை எழுதி வைத்தனர். சூரிய கிரகணத்தின்போது மர இலைகளின் இடைவெளி வழியே தரையில் பிறைவடிவ ஒளிகள் விழுவது ஏன் என்று, அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் நூலொன்று வினவுகிறது.

அவ்வாறாயின் இப்னுல் ஹைதமின் சிறப்பு எது? மற்றவர் கண்டு வியந்ததை அவர் சோதித்துப் பார்த்தார். இருட்டறையின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்கு நேரெதிரான புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதும், பல ஒளிகள் ஒரே துளையில் கடந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதும் இதனால் உறுதியாயின. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற யூக்ளிட், தாலமி ஆகியோரின் கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என ‘கிதாபுல் மனாஸிர்’ எனும் ஏழு பாகங்களைக் கொண்ட நூலில் நிறுவினார். கிரகணத்தின் வடிவம் பற்றிய தனி நூலில், துளை சிறிதாயின் பிறை தெளிவாகவும், பெரிதாயின் பிறை கலைந்து வட்டமாகவும் தெரிவதன் காரணத்தை விளக்கினார்.

அவருடைய நூலுக்குப் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ (மறைவு சுமார் 1319) விரிவுரை எழுதினார். லத்தீனில் பெயர்க்கப்பட்ட நூல் 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. இருட்டறைக்கு ‘கேமரா அப்ஸ்க்யூரா’ என்ற பெயரை 1604இல் வழங்கியவர் கெப்ளர். விழுந்த காட்சியை நிலைநிறுத்தும் வித்தை 1820களில்தான் பிரான்சின் நியெப்ஸ் கைக்கு வந்தது. ஆக, கேமரா ஒருவர் தந்ததன்று. பல சமூகத்தார் கைமாற்றிக் கொடுத்தது.

இதை நம் பிள்ளைகள் வீட்டிலேயே சோதிக்கலாம். லென்ஸ் கழற்றக்கூடிய கேமராவின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் அரை அங்குலத் துளையிடுங்கள். குளிர்பான டின்னிலிருந்து சிறு தகடு வெட்டி, மெல்லிய ஊசியின் முனையால் மெதுவாகக் குத்துங்கள். பிசிரை நுண்ணிய உப்புத்தாளால் தேயுங்கள். துளை உருண்டையாகவும் சுமார் 0.3 மில்லிமீட்டர் அகலமாகவும் இருத்தல் நன்று. தகட்டின் உட்புறத்தைக் கறுப்பாக்கி, மூடியில் கறுப்பு டேப்பால் ஒளி புகாதவாறு ஒட்டுங்கள். கண்ணாடியே இல்லாத லென்ஸ் ஆயத்தம்! நல்ல வெயிலிலும் ஒரு விநாடி அளவுக்கு ஒளி தேவைப்படுமாதலால் கேமராவை அசையாது நிறுத்துங்கள். பெரிய துளையும் இட்டுப் பாருங்கள், படம் மங்கும். ஆனால் மிகச் சிறிதாக்கினாலும் ஒளி சிதறிப் படம் மங்கும். இதற்கேற்ற அளவை 1891இல் ஆராய்ந்து எழுதியவர் ராலே பிரபு.

ஒரு எச்சரிக்கை: துளை வழியாகவோ கேமரா வழியாகவோ சூரியனைப் பார்க்கக் கூடாது. கிரகண நாளில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அட்டைத் துளையின் வழியே தரையில் விழும் உருவத்தையே காண வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பகுதிகளில் தெரிந்த வளைய கிரகணத்தை இம்முறையில் பாதுகாப்பாகக் காண முடிந்தது.

முன்னோர் எழுதியதை அப்படியே நம்புபவரல்லர், அதை ஐயுற்று ஆதாரத்தைத் தேடுபவரே உண்மையை நாடுபவர் என்பது, தாலமியை விமர்சித்து இப்னுல் ஹைதம் எழுதிய நூலின் சாரம். அவரைப் பற்றி நாம் சொல்லும் செய்திகளுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். மேடையேறும் முன் ஆதாரத்தைத் தேடுவோம். நம் பிள்ளைகளையும் தேடப் பழக்குவோம். அவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.